கட்டிலுக்கு எட்டாத நாற்று

கார்த்திகை தீபம் கழிந்த மூன்றாம் நாள் காலையில் கந்தவேல் கட்டிலில் இருந்தபடியே தக்காளி விதை போட்டான். மடியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் ஈரமாகக் கலந்து கிடந்தன. பக்கத்தில் டீக்கடைப் பேப்பர் கப்புகள் அடுக்கு அடுக்காக இருந்தன. ஒவ்வொரு கப்பின் அடியிலும் ஆணியால் மூன்று துளை குத்தி, கலவையை நிரப்பி, விரல் நுனியால் குழி செய்து, ஒரு விதையை வைத்து மூடினான். மத்தியானத்துக்குள் அறுபத்திரண்டு கப் முடிந்தது. பதினான்கு மாதத்தில் அவன் ஒரு வேலையை ஆரம்பித்து முடித்தது அன்றைக்குத்தான்.

அதற்கு முன்பு அவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டில் பூஜை போட்டுக் கிளம்பினால் வண்டி ஊர் திரும்ப எட்டு மாதம் ஆகும், பத்து மாதமும் ஆகும். ஐந்து மாநிலத்தில் போர் போட்டவன். சத்தீஸ்கரில் ஒரு காட்டோரத்து ஊரில் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்த கேசிங் பைப் ரோப்பிலிருந்து நழுவி அவன் முதுகில் விழுந்தது. இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. முன்னறையில் சுவரோரமாகக் கட்டில் போட்டு, உத்தரத்துக் கொக்கியிலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பிடித்து இழுத்துத் தலையணையில் சாய்ந்து உட்காருவான். சக்கர நாற்காலி ஒன்று இருந்தது. ஆனால் கட்டிலிலிருந்து அதற்கு மாற வேண்டுமென்றால் மனைவி ஸ்ரீதேவி அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

ஸ்ரீதேவி நூல் மில்லுக்குப் போகிறவள். விடியுமுன் எழுந்து அவனைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, மூத்திரப் பையை மாற்றி, சோறாக்கி வைத்துவிட்டு ஏழு மணிக்கு மில் வேனில் ஏறுவாள். திரும்பி வர ஆறாகும். ஒரே மகள் தனப்பிரியா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பகலில் பக்கத்து வீட்டு ராசம்மாள் இரண்டு மூன்று தடவை வந்து எட்டிப்பார்த்து, டீ கொடுத்து, பையை ஊற்றிவிட்டுப் போவாள்.

வீட்டுக்குள் விதை போடும் யோசனை மகளுடையது. வீட்டை ஒட்டிப் பத்து சென்ட் இடம் சும்மா கிடந்தது. அதற்கு முந்தைய வருடம் ஸ்ரீதேவி வாசலில் பாத்தி கட்டி நாற்று விட்டிருந்தாள். மார்கழிப் பனியில் முளைப்பு சுணங்கியது. முளைத்ததை மயில்கள் தின்றன. அந்தப் பக்கத்தில் மயில் இப்போது காக்கை மாதிரி பெருகிவிட்டது. விரட்டினால் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கும், அவ்வளவுதான். பனி முடியட்டும் என்று காத்திருந்து மாசியில் நாற்று விட்டால் செடி வளர்வதற்குள் வெயில் ஏறிவிடும். அதனால் குளிர் காலத்திலேயே வீட்டுக்குள் கதகதப்பாக முளைக்கவைத்து, பொங்கல் கழிந்ததும் நாலைந்து இலையோடு வெளியே எடுத்து நடுவது என்று பேசினார்கள். “நீங்களே போடுங்கப்பா. உங்க கைக்கு எட்டறாப்புலயே எல்லாம் வெச்சுக்கலாம்” என்று தனப்பிரியா போனில் சொன்னாள்.

விதை அவனுடையது. விபத்துக்கு முந்தைய வருடம் ஒரு கிழவரின் நிலத்தில் எழுநூறு அடியில் தண்ணீர் பீறிட்டு அடித்தது. ரிக் வண்டியில் இருந்த ஒன்பது பேருக்கும் அவர் சோறு போட்டார். சோற்றோடு நெல்லிக்காய் அளவு தக்காளியைச் சுட்டுப் பிசைந்து வைத்தார். அந்தப் புளிப்பை கந்தவேல் அதற்கு முன் ருசித்ததில்லை. நாலு பழம் கேட்டு வாங்கி, விதையைக் கழுவி, லாரி கேபினில் காயவைத்து, மாத்திரைக் கவரில் போட்டுக் கொண்டுவந்தான். அது அலமாரியிலேயே கிடந்துவிட்டது. ஸ்ரீதேவி பாதியைப் போட்டுப் பார்க்கலாம், பாதி இருக்கட்டும் என்றாள். பழைய விதை, எத்தனை முளைக்குமோ என்று அவன் எல்லாவற்றையும் போட்டுவிட்டான். மிச்சமிருந்த கப்புகளில் கடையில் வாங்கிய கத்தரி விதை போட்டான்.

முதல் ஐந்து நாள் கப்புகள் ஃபிரிட்ஜின் மேல் இருந்தன. அங்கேதான் வீட்டிலேயே கொஞ்சம் சூடு. மேலே இட்லித் துணி மூடியிருந்தது. ஆறாம் நாள் காலையில் ஸ்ரீதேவி துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கப்பை எடுத்து வந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். வளைந்த வெள்ளைக் கழுத்து ஒன்று மண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றது.

நாற்பத்தொரு தக்காளி முளைத்தது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் தட்டுத்தட்டாக அவற்றை வைத்துக்கொண்டு அவன் நாள் முழுக்கப் பார்த்தான். ஆசையில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டான். ஏழு நாற்று மண்ணுக்கு மேலே கழுத்து கறுத்து மடங்கிச் செத்தன. அதற்குப் பிறகு தட்டில் தண்ணீர் ஊற்றி, கப் அடியிலிருந்தே உறிஞ்சும்படி விட்டான். சாவு நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவன் முதுகைப் பற்றிக் கேட்பதை விட்டு நாற்றைப் பற்றிக் கேட்டார்கள். அவனுக்கும் சொல்வதற்கு நிறைய இருந்தது.

மார்கழி பாதியில் அவை ஜன்னலைப் பார்த்துச் சாய ஆரம்பித்தன. தண்டு நூலாக நீண்டு துவண்டது. நேரடி வெயிலும் கொஞ்சம் காற்றும் பட்டால்தான் தண்டு தடிக்கும் என்று தனப்பிரியா சொன்னாள். காலை வெயில் அந்த வீட்டில் வாசல்படி வழியாக மட்டும்தான் உள்ளே விழும். “கதவோரமா பெஞ்சு போட்டு அதுல வெச்சிரு புள்ள. கதவு தொறந்தே இருக்கட்டும்” என்று கந்தவேல்தான் ஸ்ரீதேவியிடம் சொன்னான். கட்டிலிலிருந்து பெஞ்சு எட்டடி தூரம். அன்றிலிருந்து அவன் அவற்றைத் தொட முடியவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் தண்டு ஊதா நிறம் பிடித்து நிமிர்ந்ததைக் கட்டிலிலிருந்தே பார்க்க முடிந்தது. ஒருநாள் கோழி ஒன்று உள்ளே வந்தது. ராசம்மாள் அதைத் துரத்திவிட்டு, வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை வைத்தாள்.

பொங்கல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நடுவது என்று முடிவாகி, ஸ்ரீதேவி குழிகூட எடுத்துவிட்டாள். அந்த வியாழக்கிழமை ராசம்மாள் பேத்தியின் காதுகுத்துக்கு ஆட்டையாம்பட்டி போக வேண்டியிருந்தது. முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஸ்ரீதேவி லீவு போடட்டுமா என்று கேட்டாள். ஒரு நாள்தானே, சோறும் தண்ணீரும் பக்கத்தில் இருந்தால் போதும், போய்விட்டு வா என்றான் அவன். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றான். நடுவதற்கு மூன்று நாள்தான் இருந்தது. அந்த மூன்று நாள் வெயிலும் நாற்றுக்கு வேண்டும்.

பத்து மணி இருக்கும். கூரைத் தகரத்தில் நகம் உரசும் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் தொப்பென்று ஏதோ இறங்கியது. ஒரு பெட்டை மயில். பலகைக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது.

“போ” என்றான் கந்தவேல். கையைத் தட்டினான். அது திடுக்கிட்டு வேலிப் பக்கம் ஓடியது. அவன் உடனே போனை எடுத்தான். மில்லில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ஸ்ரீதேவியைக் கூப்பிட்டுப் பயனில்லை. அடுத்த தோட்டத்துக் கண்ணுசாமிக்குப் போட்டான். முழுக்க அடித்து நின்றது. மறுபடி போட்டான். அதுவும் அடித்து நின்றது. அதற்குள் மயில் திரும்பி வந்து பலகை மேல் ஏறி நின்றது.

அவன் மறுபடி கை தட்டினான். அது இறங்கிப் போனது, ஆனால் இந்தத் தடவை ஓடவில்லை. மூன்றாம் தடவை தட்டியபோது நின்ற இடத்தை விட்டு நகரவே இல்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு உள்ளே குதித்து, பெஞ்சு மேல் ஏறி, ஓரத்தில் இருந்த தக்காளி நாற்றின் கொழுந்தைக் கொத்தி இழுத்தது. விழுங்கிவிட்டு மறுபடி அவனைப் பார்த்தது.

கந்தவேல் கத்தினான். தோட்டத்து வீடு அது, அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்தில் யாரும் இல்லை. தலையணையை எறிந்தான். அது பாதி வழியில் விழுந்தது. தண்ணீர் பாட்டிலை எறிந்தான். மயில் ஒரு அடி விலகிக்கொண்டு அடுத்த கப்பைக் கொத்தியது. டிவி ரிமோட், மாத்திரை டப்பா, சோற்றுப் பாத்திரத்தின் மூடி எல்லாம் போயின. ஒவ்வொன்றுக்கும் அது கொஞ்சம் ஒதுங்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி தின்றது. கடைசியில் கையில் போன்தான் இருந்தது. எறிந்த பிறகுதான் என்ன எறிந்தோம் என்று அவனுக்கு உறைத்தது. போன் மயில்மேல் படவில்லை. ஒரு தட்டின் விளிம்பில் பட்டுத் தட்டோடு பதினைந்து கப்பும் தரையில் கவிழ்ந்தன. போன் பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது. மயில் இறங்கி, சிதறிக் கிடந்ததை நிதானமாகப் பொறுக்க ஆரம்பித்தது.

அவன் கயிற்றைப் பிடித்தான். உடம்பைக் கட்டில் விளிம்புக்கு இழுத்தான். இறங்கிக் கையால் தவழ்ந்தாவது போய்விடலாம் என்று நினைத்தான். கால்கள் பின்னாலேயே கிடந்தன, பாரம் ஒரு பக்கமாகச் சரிந்தது, கயிறு கையை அறுத்துக்கொண்டு நழுவியது. வலது இடுப்பு தரையில் மோத விழுந்தான். வலி இல்லை. சத்தத்தை மட்டும் கேட்டான். மூத்திரக் குழாய் பிடுங்கிக்கொண்டு, ஈரம் முதுகுப்பக்கம் பரவுவது தோளுக்கு எட்டியபோது தெரிந்தது. கையை ஊன்றி நகரப் பார்த்தான். ஒரு கால் கட்டில் சட்டத்தில் மாட்டியிருந்தது. எந்தக் கால் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

கன்னம் தரையில் இருந்தது. கண்ணுக்கு நேராக மயிலின் கால்கள் நடந்தன. ஒரு தடவை அவன் முகத்துக்கு இரண்டு அடி பக்கத்தில் வந்து, அங்கே கிடந்த நாற்றை எடுத்துக்கொண்டு போனது. அவன் கத்துவதை நிறுத்தியிருந்தான். வயிறு நிறைந்ததும் அது பலகை மேல் ஏறி, இறகைக் கோதி, வெளியே இறங்கிப் போனது.

அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் அவன் அங்கேயே கிடந்தான். வெயில் வாசல்படியை விட்டு விலகியது. ஈரம் காய்ந்தது. கட்டில்மேல் சோறு இருந்தது, கை எட்டவில்லை. தண்ணீர் பாட்டில் வாசல் பக்கம் உருண்டு கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் தூங்கினான் போல. ரோட்டில் மில் வேன் நிற்கும் சத்தம் கேட்டபோது முதலில் அவனுக்கு வந்தது வெட்கம்தான்.

ஸ்ரீதேவி உள்ளே வந்து பார்த்ததும் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். தண்ணீரைப் புகட்டினாள். கட்டிலில் மாட்டியிருந்த காலை விடுவித்தாள். ஓடிப்போய்க் கண்ணுசாமியைக் கூட்டிவந்தாள். இருவரும் சேர்ந்து அவனைக் கட்டிலில் ஏற்றினார்கள். உழவு ஓட்டிக்கொண்டிருந்தேன், டிராக்டர் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்று கண்ணுசாமி இரண்டு தடவை சொன்னான். கந்தவேல் பரவாயில்லை என்றான். கண்ணுசாமி போன பிறகு அவள் வெந்நீர் வைத்துத் துடைத்தாள். வலது இடுப்பெலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது.

“என்னய பாத்துக்குட்டேதான் தின்னுச்சு” என்றான் அவன். “இவன் எந்திரிக்க மாட்டான்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, தேவி.”

அவள் துணியைப் பிழிந்தாள். “நான் லீவு போட்டிருக்கோணுங்க.”

“போன்னு சொன்னது நானு.”

அவள் தரையைக் கூட்டி, மண்ணை ஒரு முறத்தில் அள்ளி, உயிருள்ளதைத் தேடி எடுத்தாள். கத்தரியில் பதினொன்று பிழைத்திருந்தது. தக்காளியில் கொழுந்தில்லாத மூன்று தண்டுகள் மிஞ்சின. மற்றதெல்லாம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அந்தப் பதினான்கையும் நட்டாள். அவனை நாற்காலியில் வைத்துக் கொண்டுபோய்க் காட்ட முடியவில்லை. அதற்குள் இடுப்புப் புண் ஓரம் கறுத்து, வீச்சம் எடுக்க ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமையே ஆஸ்பத்திரியில் டாக்டர் செத்த தசையை வெட்டி எடுத்துவிட்டு, ஆறு வாரம் உட்காரவே கூடாது, அந்தப் பக்கம் பாரம் படவே கூடாது என்றார். இடது பக்கமாகப் படுத்தால் கந்தவேலுக்குச் சுவர்தான் முகத்துக்கு நேரே. கட்டிலைத் திருப்பிப் போட இடமில்லை, கயிறு வேறு அந்தக் கொக்கியில்தான் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே குழி எவ்வளவு ஆழம், தண்டில் எவ்வளவு மண்ணுக்குள் போக வேண்டும் என்று சொன்னான். அவள் வெளியிலிருந்து “ஆச்சுங்க, ஆச்சுங்க” என்று குரல் கொடுத்துக்கொண்டே நட்டாள். பழைய சேலைகளைக் கிழித்துச் சுற்றிலும் கட்டினாள்.

மூன்று வாரம் அவள் மில்லுக்குப் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனை முன்னும் பின்னுமாகச் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. திரும்பிப் போனபோது அவள் மெஷினில் வேறொருத்தி நின்றாள். ஸ்ரீதேவியைக் கழிவுப் பஞ்சு பிரிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இருமலோடு வீட்டுக்கு வந்தாள். அதைப் பற்றி அவன் கேட்டபோது பழகிவிடும் என்றாள். ராசம்மாள் பகலெல்லாம் வந்து உட்கார்ந்தாள். தான் அன்றைக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்று தினமும் சொன்னாள். அதைக் கேட்பது அவனுக்குப் புண்ணைவிடச் சிரமமாக இருந்தது.

ஒருநாள் அவன் பழைய கூட்டாளி வீரபாகுவுக்குப் போன் போட்டான். வீரபாகு இன்னும் வண்டியில்தான் இருந்தான், தெலங்கானாவில் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தக்காளி விதை வேண்டும் என்று கந்தவேல் கேட்டான். அந்தப் பக்கம் வண்டி போனால் வாங்கி வருகிறேன், எந்த ஊர் என்று சொல் என்றான் வீரபாகு. கந்தவேலுக்கு ஊர்ப் பெயர் வரவில்லை. எழுநூறு அடி, இரண்டாம் நாள் தண்ணீர், கிழவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். வீரபாகு யோசித்துவிட்டு, எத்தனை ஊர் போட்டோம், எதை என்று சொல்வது என்றான்.

மாசி பிறந்ததும் மூன்று தண்டில் ஒன்று பக்கவாட்டில் துளிர்த்தது. மற்ற இரண்டும் காய்ந்தன. துளிர்த்தது நன்றாகவே வந்தது, முழங்கால் உயரம் வளர்ந்தது. ஆனால் கொழுந்து போனதில் ஒரு மாதம் பின்தங்கிவிட்டது. அது பூவெடுத்தபோது பங்குனி பிறந்திருந்தது.

“பூ வந்திருக்குதுங்க. ஒரே கொத்துல அஞ்சு” என்று ஸ்ரீதேவி வந்து சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து எத்தனை நிற்கிறது என்று கேட்டான். ஒன்றுமில்லை, காம்போடு உதிர்ந்து கிடக்கிறது என்றாள். தென்னை ஓலையில் நிழல் கட்டச் சொன்னான். கட்டினாள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சொன்னான், வேரைச் சுற்றி வைக்கோல் போடச் சொன்னான். எல்லாவற்றையும் செய்தாள். அடுத்த கொத்து வந்தது, அதுவும் உதிர்ந்தது. வெளியே அடித்த வெயில் என்னவென்று அவனுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காது. இலை பச்சையாக இருந்தது, செடி ஆரோக்கியமாக இருந்தது, காய்க்க மட்டும் வழியில்லை. கத்தரி மட்டும் காய்த்தது. அவள் குழம்பு வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

புண் ஆறி, அவன் மல்லாந்து படுக்க ஆரம்பித்த வாரம் மூன்றாவது கொத்தும் உதிர்ந்தது. அன்று சாயங்காலம் ஸ்ரீதேவி மில்லிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு குடத்தை எடுத்தாள்.

“அதுக்கு இனித் தண்ணி ஊத்த வேண்டாம், உடு” என்றான் கந்தவேல்.

அவள் குடத்தை இடுப்பில் வைத்தாள். “பச்சையா நிக்குதுங்க. எப்புடி உடறது” என்று சொல்லிவிட்டுப் போனாள். மயில் வந்த நாளிலிருந்து கதவைச் சாத்தியே வைத்திருந்ததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி படுத்திருந்தான்.